போகாத பயணத்தின் கேமரா

பயணத்துக்குச் சின்னதா ஒரு ஜூம் கேமரா வாங்கலாம்னு ஒரு மாசமா அலைகிறேன். 30 மடங்கு ஜூமா, பெரிய சென்சாரா? ரெண்டும் ஒரே பாக்கெட்டில் அடங்காது. சென்சார் பெருத்தால் ஜூம் லென்ஸும் பெருத்துவிடும்.

இந்தக் குழப்பத்துக்கு வயசு அதிகம். 1877இல் ராச்செஸ்டர் நகரின் வங்கிக் குமாஸ்தா ஜார்ஜ் ஈஸ்ட்மன், சாந்தோ டொமிங்கோ போக நினைத்துப் படமெடுக்கும் சாமான்களை வாங்கினார். ஈரத் தகட்டுக் காலம் அது. கேமராவோடு கண்ணாடித் தகடு, ரசாயனம், இருட்டறைக் கூடாரம் எல்லாம் சுமக்கணும். பயணம் நடக்கவில்லை. சுமையைக் குறைக்கும் வெறி மட்டும் மிஞ்சியது. 1888இல் கோடக் வந்தது: 25 டாலர், 100 படம். வியூஃபைண்டர் இல்லை, ஃபோகஸ் மாற்ற முடியாது, படமும் வட்டம்தான்.

ஆஸ்துமாக்காரர் ஆஸ்கர் பார்னாக் பெரிய தகடுகளைக் கைவிட்டு 24×36 மில்லிமீட்டர் ஃபிலிமுக்கு இறங்கினார். 1925இல் லைக்கா சந்தைக்கு வந்தது.

ஒவ்வொருவரும் எதையோ இழந்துதான் பையை இலேசாக்கினார்கள். நான் எதை இழப்பது? பழைய பயணப் படங்களைப் புரட்டினேன். பாதிக்கு மேல் அந்திவேளை, டீக்கடை உள்பக்கம், கிட்டத்து முகங்கள். தூரத்து மலை ரெண்டே ரெண்டு.

தூரத்தை விட்டுவிட்டேன். பெரிய சென்சார், சின்ன ஜூம்.