சுட்ட இறைச்சியும் அண்டை வீட்டாரின் பங்கும்



ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது நம் வீடுகள் பலவற்றில் கரியடுப்பு வாங்கும் பேச்சு எழுகிறது. கொல்லைப்புறத்திலோ மொட்டைமாடியிலோ அதை நிறுத்தி, குர்பானி இறைச்சியைக் குடும்பத்தோடு சுட்டு உண்ண விரும்புகிறோம். விலையையும் அளவையும் விசாரிக்கும் நாம், இவ்வழக்கத்தின் வரலாற்றையும் சற்று நோக்குவோம்.

திருக்குர்ஆனின் ஹூத் அத்தியாயம் (11:69), வானவர்கள் இப்ராஹீம் (அலை) அவர்களிடம் விருந்தினராக வந்ததைக் கூறுகிறது. ஸலாம் பரிமாறியதும் தாமதமின்றி அவர்கள் கொண்டுவந்தது கன்றின் இறைச்சி. அதைக் குறிக்கும் ‘ஹனீத்’ என்னும் சொல்லுக்கு, சூடேற்றிய கற்களில் சுட்டது என்று விரிவுரையாளர்கள் விளக்கம் தந்துள்ளனர். தாரியாத் அத்தியாயமோ, அது கொழுத்த கன்று என்றும், அதை விருந்தினரின் அருகிலேயே வைத்தார்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறது. வந்தவர் யாரென்று அறியும் முன்பே தம்மிடமிருந்ததில் சிறந்ததை அவர்கள் முன்வைத்தார்கள்.

நபி (ஸல்) அவர்கள் ஆட்டுச் சப்பையைக் கத்தியால் வெட்டி உண்டுகொண்டிருந்தபோது தொழுகைக்கு அழைக்கப்பட்டார்கள். உடனே கத்தியை வைத்துவிட்டு எழுந்து தொழுதார்கள் என்று ஸஹீஹுல் புகாரீயில் காண்கிறோம். அதே நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. சுட்ட ஆட்டை முன்வைத்து அமர்ந்திருந்த சிலர், அவ்வழியே சென்ற அபூஹுரைரா (ரலி) அவர்களை உண்ண அழைத்தனர். வாற்கோதுமை ரொட்டியைக்கூட வயிறார உண்ணாமலேயே நபியவர்கள் உலகைப் பிரிந்ததை நினைவுகூர்ந்து, அவர்கள் மறுத்துவிட்டார்கள். அந்த உணவு ஆகுமானதே. ஆயினும் அதைக் கண்டபோது அத்தோழரின் உள்ளம் எங்கே சென்றது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்பாஸியர் காலத்து பக்தாதில் இக்கலை செழித்தது. 10-ஆம் நூற்றாண்டில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த சமையல் நூல் இதற்குச் சான்று. ‘தன்னூர்’ எனும் மண் அடுப்பினுள் இறைச்சியைத் தொங்கவிட்டு, அதன் கீழே இனிப்புப் பண்டம் நிறைந்த தட்டை வைப்பர். உருகும் கொழுப்பு அதில் சொட்டி ஊறும். ‘ஜூதாபா’ என்பது அதன் பெயர்.

சந்தை வளர்ந்தபோது ஏமாற்றும் வளர்ந்தது. எனவே சுட்ட இறைச்சி விற்போரையும் சந்தைக் கண்காணிப்பாளரான ‘முஹ்தஸிப்’ சோதித்தார். 12-ஆம் நூற்றாண்டின் அஷ்ஷைஸரீ எழுதிய கையேடு அதற்கொரு வழி சொல்கிறது: அடுப்பில் இடும் முன் ஆட்டை நிறுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும், எடுத்தபின் மீண்டும் நிறுக்க வேண்டும். நன்கு வெந்திருந்தால் எடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கும். இல்லையேல் மீண்டும் அடுப்பில் இட வேண்டும். வேகாததை விற்று நீரின் எடைக்கும் காசு வாங்குவது இதனால் தடைபட்டது. ஓர் அடுப்படியிலும் அமானிதம் பேணப்பட வேண்டும் என்று நம் முன்னோர் கருதினர்.

இன்று கடைகளில் காணும் மூடியுள்ள உருண்டை அடுப்பின் வயது குறைவே. 1952-இல் அமெரிக்காவின் சிகாகோ வட்டாரத்தில், வெபர் சகோதரர்களின் உலோகப் பட்டறையில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டீபன், கடல் மிதவைக்கான கோளத்தைக் கொண்டு அதை உருவாக்கினார். கீழ்த்துளை காற்றை உள்ளே விடுகிறது; மூடி தீக்கொழுந்தை அடக்கி வெப்பத்தை உள்ளேயே சுழலச் செய்கிறது. உள்ளடங்கிய வெப்பத்தில் சுடும் முறை தன்னூரும் அறிந்ததே.

புதிய அடுப்பைச் சமதளத்தில், சுவரும் துணிக்கொடியும் தொடாத தூரத்தில் நிறுத்துங்கள். முதல்முறை வெறுங்கரியை மட்டும் எரித்து, உள்ளே படிந்த எண்ணெயைப் போக்குங்கள். கரிப்புகையின் நச்சுவாயு உயிரைப் பறிக்கும்; ஆகவே அறைக்குள் ஒருபோதும் மூட்டாதீர்கள். உறங்கும்போது வீட்டில் நெருப்பை விட்டுவைக்க வேண்டாமென்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதால், கனல் முற்றிலும் அணைந்ததை உறுதிசெய்த பின்னரே படுக்கைக்குச் செல்லுங்கள்.

இறுதியாக, புகைக்கு மதில் தடையன்று. குழம்பு காய்ச்சினால் நீரைக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் அறிவுறுத்தியதை முஸ்லிம் நூல் பதிவு செய்துள்ளது. மணம் எட்டும் வீட்டுக்கு முதல் தட்டு போகட்டும். இறைச்சி உண்ணாத அண்டை வீட்டாராயின், அவர்களின் சன்னலுக்குப் புகை செல்லாத இடத்தில் அடுப்பை வைப்பதே நாம் அவர்களுக்கு அளிக்கும் பங்கு. அப்பங்கைக் குறைவின்றிக் கொடுக்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக.