ஆலோசனை அறையின் வாயிலில்: உளப்பிறழ்வை முன்கூட்டி அறியும் முயற்சியின் வரலாறு

இல்லாத குரல்கள் காதில் விழுவதும், எத்தனை சான்று காட்டினாலும் அசையாத தவறான நம்பிக்கை வேரூன்றுவதுமாக, நடப்புலகோடு மனம் கொண்ட பிடி தளரும் நிலை உளப்பிறழ்வு (சைக்கோசிஸ்) எனப்படும். இது பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலும் இருபதுகளிலும், அதாவது கல்லூரிப் பருவத்தை ஒட்டியே தலைகாட்டுகிறது. ஆயினும் உளமருத்துவம் நெடுங்காலம் முற்றிய நோயாளிகளையே கண்டுவந்தது. அமெரிக்க உளமருத்துவர் ஹாரி ஸ்டாக் சல்லிவன் 1927இல் இக்குறையைச் சுட்டினார். ஜெர்மானியரான கிளாவுஸ் கோன்ராட், படைவீரர்களை ஆராய்ந்து 1958இல் வெளியிட்ட நூலில், நோய் வெளிப்படுமுன் ஏதோ நிகழப்போகிறது என்ற இனம்புரியாத இறுக்கம் மனத்தைக் கவ்வுவதை விவரித்தார். இத்தகைய முன்னறிகுறிக் காலம் நோய் வந்தபின் திரும்பிப் பார்க்கும்போதே தெளிவாகப் புலப்படும் என்பதுதான் சிக்கல்.

மெல்பர்னில் பாட்ரிக் மெக்கோரியும் அலிசன் யங்கும் 1990களின் நடுப்பகுதியில் இப்பார்வையை முன்னோக்கித் திருப்பினர். லேசான, விட்டுவிட்டு வரும் அறிகுறிகளோடு உதவி நாடிய இளைஞர்களை ‘மிகு இடர்நிலையினர்’ என வரையறுத்துத் தொடர்ந்து கவனித்தனர். எனினும், இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளிவந்த மதிப்பீட்டின்படி, மூன்றாண்டுகளில் உளப்பிறழ்வுக்கு ஆளானோர் சுமார் 36 விழுக்காட்டினரே. பெரும்பான்மையோர் அந்நிலையை எட்டவில்லை.

நோய்க்கு ஆளாகாதோரையும் இடரில் உள்ளோராகச் சுட்டும் இச்சிக்கல் கல்லூரி மாணவரிடையே இன்னும் கூர்மையடைகிறது. ரேச்சல் லோவியும் சக ஆய்வாளர்களும் உருவாக்கிய முன்னறிகுறி வினாநிரலை, உதவி எதையும் நாடாத இளங்கலை மாணவரிடம் கொடுத்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், விசித்திர அனுபவங்களுக்கு ‘ஆம்’ என்றோர் ஏராளமாக இருந்தனர். அவற்றால் துன்புற்றோர் மிகச் சிலரே. பெயர் சொல்லி யாரோ அழைத்ததுபோல் தோன்றுவது, தூக்கமின்றித் தேர்வுக்குப் படிப்பவருக்குப் புதிதன்று.

கணக்கும் இதையே காட்டும். ஆயிரம் மாணவரில் பத்துப் பேர் மெய்யான இடரில் இருப்பதாகவும், வினாநிரல் அவர்களில் ஒன்பது பேரைச் சரியாகக் கண்டறிவதாகவும், மற்றவர்களில் பத்தில் ஒருவரைத் தவறாகச் சுட்டுவதாகவும் கொண்டால், ஒன்பது பேரைப் பிடிக்க 99 பேரை வீணே அச்சுறுத்த நேரும். ஆலோசனை நாடி வந்த ஆயிரம் பேரில் நூறு பேர் இடரிலிருந்தால், அதே வினாநிரல் தொண்ணூறு பேரைச் சரியாகவும் தொண்ணூறு பேரைத் தவறாகவும் சுட்டும். கருவி மாறவில்லை, அது நீட்டப்படும் இடமே மாறியது. எனவே வகுப்பறைதோறும் படிவம் வழங்குவதைவிட, உறக்கமின்மை, பதற்றம், மதிப்பெண் சரிவு என்று முறையிட்டு வரும் மாணவரிடம் ஆலோசகர் அதைப் பயன்படுத்துவதே பொருத்தம். அப்போதும் வினாநிரலில் பெறும் மதிப்பெண் விரிவான நேர்காணலுக்கு வழிகாட்டுமேயன்றி நோய் முடிவாகாது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டு நோய்வகைக் கையேடு, லேசான அறிகுறிகள் கொண்ட இந்த இடர்நிலையை ‘நலிந்த உளப்பிறழ்வுத் தொகுப்பு’ என்ற பெயரில் ஏற்கப்பட்ட நோயாகச் சேர்க்காமல், மேலாய்வுக்குரியவற்றின் பட்டியலில் வைத்தது சரியான எச்சரிக்கையே.

நோய் தொடங்கியபின் சிகிச்சைக்கு ஆகும் தாமதத்தைக் குறைப்பதோ இதைவிட உறுதியான பலன் தந்த வழி. நார்வேயின் ரோகாலாந்தில் 1997 முதல் பொதுமக்களுக்கும் பள்ளிகளுக்கும் குடும்ப மருத்துவர்களுக்கும் விழிப்புணர்வூட்டி, எளிதில் அணுகத்தக்க கண்டறியும் குழுவும் அமைக்கப்பட்டபோது, சிகிச்சையற்ற காலத்தின் இடைநிலை அளவு ஐந்து வாரமாக இருந்தது. அத்தகைய ஏற்பாடில்லாத ஒப்பீட்டுப் பகுதிகளில் அது பதினாறு வாரம். விழிப்புணர்வுப் பரப்புரை நிறுத்தப்பட்டபின் ரோகாலாந்திலும் தாமதம் மீண்டும் நீண்டது.