மதில் போன பின்

நகர் எது, புறநகர் எது என்பதில் நம் முன்னோர்க்கு ஐயம் எழவில்லை. மதிலே விடை சொல்லிற்று. கோவலனும் கண்ணகியும் மதுரை மதிலுக்கு வெளியே தங்கிய இடத்தைச் சிலப்பதிகாரம் புறஞ்சேரி என்றே குறிக்கிறது. மதிலற்ற காலத்தில் வாழும் நாம் எதைக் கொண்டு பிரிப்பது? தொன்மையைக் கொண்டு என்பீர்களாயின், சாந்தோமின் வரலாறு அதை மறுக்கிறது.

16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அங்கே குடியேறினர். திருத்தூதர் தோமாவின் கல்லறை என மரபு போற்றும் இடத்தை ஒட்டி ஊர் வளர்ந்தது, மதில் எழுந்தது. 1606இல் மயிலை மறைமாவட்டம் நிறுவப்பட்டு, ஆயரின் இருக்கையும் ஆயிற்று. 1639இல் ஆங்கிலேயர் வடக்கே ஒரு மணற்பரப்பைப் பெற்றபோது சாந்தோமே நகர். அவர்கள் எழுப்பிய கோட்டை அதன் அயலிடம்.

முறை விரைவில் தலைகீழாயிற்று. 1662இல் கோல்கொண்டா படை சாந்தோமைக் கைப்பற்றியது. 1672இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். ஈராண்டில் அவர்களும் வெளியேறினர். மதில்கள் இடிக்கப்பட்டன. குடிகள் பலர் ஆங்கிலக் கோட்டையின் நிழலை நாடினர். 1749இல் ஊரே கும்பெனியார் வசமாயிற்று. கோயில் இருந்தது, கடல் இருந்தது, கல்லறையும் இருந்தது. தன் காரியத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமைதான் போயிற்று. வழக்கென்றாலும் வாணிபமென்றாலும் இனி வடக்கே செல்லவேண்டும். திருச்சபையின் வரைபடம் மட்டும் பழைய பெருமையை விடவில்லை. 1952இல்தான் சென்னையும் மயிலையும் ஒரே உயர்மறைமாவட்டம் ஆயின. நாம் எதிலும் சற்று நிதானம்தானே!

சாந்தோமைப் படை புறநகராக்கியது. பிற்காலப் புறநகர்களையோ இருப்புப்பாதை உண்டாக்கிற்று. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கிய பின், ஓரிடத்தில் உறங்கி மற்றோரிடத்தில் உழைப்பது எளிதாயிற்று. 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆனது. ஆணை பெயரைத் தந்தது. காலை வண்டிகளோ இன்னும் சென்னையை நோக்கியே நெரிசலுடன் செல்கின்றன.

முன்பு நான் பணிபுரிந்த புறநகர்ப் பங்கு ஒன்றில், பல ஆண்டுகளாகக் கல்லறைத் தோட்டம் வேண்டுமென்று ஒருவரும் கேட்டதில்லை. இறந்தோரை அவரவர் சொந்த ஊருக்கே கொண்டு சென்றனர். திருமணமும் அங்கேதான். நோயில்பூசுதலுக்காக ஒரு முதியவரின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அவர் மகனை அருகழைத்து, "என்னை ஊருக்குத் தூக்கிப் போகாதே அப்பா, இங்கேயே வை" என்றார். மகன் என்னைப் பார்த்தார். என்னிடம் இடமில்லை. அடுத்த ஞாயிறு பங்குப் பேரவை நிலம் தேடத் தொடங்கியது.