டீ பிரேக் யாருக்கு?

திருப்போரூர்ல இருந்து காலையில சிறுசேரி பக்கம் போற கம்பெனி பஸ்ல பாதிப் பேர் தூங்கிட்டேதான் போவோம். அதுல கைக்குழந்தை வெச்சிருக்கிறவங்க யாருன்னு கேட்கவே வேண்டாம், முகமே சொல்லிடும். அவங்க ஓய்வுக்குன்னு ஒரு சட்ட வரலாறு இருக்கு. இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

சட்டத்துக்கு முன்னாடியே நம்ம ஊர்ல இருந்த ஏற்பாடு தாய்வீடு. தலைப்பிரசவத்துக்கு அங்கே போனா, ராத்திரி அழுகிற பிள்ளையைத் தூளியில போட்டு ஆட்ட அம்மா, சித்தி, பாட்டின்னு ஆள் மாத்தி ஆள் இருப்பாங்க. நம்ம பாஷையில சொன்னா ஆன்-கால் ரோஸ்டர். அப்பா பேர் மட்டும் அதுல இருக்காது. அதுக்கு யாரும் டிக்கெட் போட்டதும் இல்லை.

ஆலை வேலைக்கு இந்த ரோஸ்டர் போதலை. 1919ல வாஷிங்டன்ல கூடின சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, பிரசவத்துக்கு அப்புறம் 6 வாரம் வேலை கூடாது, பால் கொடுக்க தினமும் ரெண்டு தடவை அரை மணி நேரம் விடணும்னு ஒப்பந்தம் போட்டுது. பம்பாய் மாகாணம் 1929லயும், சென்னை மாகாணம் 1934லயும் பேறுகாலச் சட்டம் கொண்டுவந்தாங்க. 1948 தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்கு ராத்திரி 7 மணியோட வேலையை நிறுத்தச் சொன்னது. ராத்திரி வேலை வீட்டுல நடந்தா மட்டும் அது எந்தக் கணக்குலயும் வரலை.

அதே சட்டம் குழந்தைகள் காப்பகமும் கேட்டுது. ஆனா 50 பெண்களுக்கு மேல வேலை பார்த்தாத்தான். 1976ல அதை 30ஆக்கினாங்க. எண்ணினது பெண்களை மட்டும்.

இப்ப நான் ரொம்ப நேரம் உட்கார்ந்து படிச்ச இடத்துக்கு வரேன். 1961 மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் பால் கொடுக்க ரெண்டு இடைவேளை தருது. எப்படி? அம்மாவோட வழக்கமான ஓய்வு இடைவேளைக்கு மேல, கூடுதலா. பிள்ளைக்கான நேரம் வேற, அவளுக்கான நேரம் வேற. அழகான டிசைன்.

2017ல திருத்தம் வருது. 12 வாரமா இருந்த விடுப்பு முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரமாகுது. 50 ஊழியர் இருந்தாலே காப்பகம், இந்தத் தடவை ஆணையும் சேர்த்து எண்ணினாங்க. நல்ல மாற்றம்தான். அடுத்த வரியைப் பாருங்க: காப்பகத்துக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம், 'அந்தப் பெண்'. அந்த நாலுலயே அவளோட ஓய்வு இடைவேளையும் அடங்கும். பால் கொடுக்கிற இடைவேளையை யாரும் தொடலை, ஆனா அவளோட டீ பிரேக் பிள்ளையைப் பார்க்கிற நேரத்துக்குள்ள போயிடுச்சு. அப்பாவைத் தலை எண்ண மட்டும் சேர்த்துக்கிட்டாங்க.

இதெல்லாம் சம்பளச் சீட்டு இருக்கிறவங்க கதை. தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021ல இருந்து 12 மாசம் விடுப்பு. இங்கேருந்து கொஞ்ச தூரம் கேளம்பாக்கம் உப்பளம். அங்கே கூலிக்குப் போற அம்மாவுக்குக் கூலி இழப்பை ஈடுகட்ட இருக்கிறது, 1987ல தொடங்கின முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி. இப்ப 18,000 ரூபாய்.

2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர்ல அமலுக்கு வந்துது. பிரிவு எண் மாறிடுச்சு, 'அந்தப் பெண்' வரி மாறலை. உங்க ஆபீஸ்ல காப்பகம் இருந்தா, ஹெச்ஆர் பாலிசியைத் திறந்து அந்த நாலு தடவை யாருக்குன்னு பாருங்க. அப்பாவையும் சேர்த்து எழுதுறதை இந்தச் சட்டம் தடுக்கலை.