விரல்நுனியில் ஓர் எண்

2021 மே மாதத்தில் ஒரு நாளைக்கு எட்டு முறை அப்பாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோவிட் உறுதியாகி, வீட்டிலேயே தனி அறை. 94க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்று சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைக்காது என்பதும் தெரியும். ஸ்ப்ரெட்ஷீட் போட்டு எழுதிவைத்தேன். 95, 94, 95, 94. "என்னடா காட்டுது?" என்பார். "95ப்பா" என்பேன், 94 காட்டும்போதும்.

மூன்றாவது வாரம் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் எனக்கு அந்தச் சின்ன கிளிப் மீது சந்தேகம் வந்தது. ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்காமல், பத்து விநாடிக்குள் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவை அது எப்படிச் சொல்கிறது? ஒரு வாரம் இதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன்.

கதையை எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். நான் 1923ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே நடந்தது ஓர் அழகான ஹேக். ஹீமோகுளோபின் ஆக்சிஜனை எவ்வளவு வேகத்தில் பிடித்துக்கொள்கிறது என்பது கேள்வி. நுரையீரலின் நுண்குழாய்களில் ரத்தம் ஒரு விநாடிகூடத் தங்குவதில்லை. அதற்குள் வேலை முடிந்தாக வேண்டும். நீங்கள் இரண்டையும் கலந்துவிட்டு ஸ்டாப்வாட்சை அமுக்குவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ஹாமில்டன் ஹார்ட்ரிட்ஜும் பிரான்சிஸ் ரஃப்டனும் வேகமான கடிகாரத்தைத் தேடவில்லை. நேரத்தை நீளமாக மாற்றிவிட்டார்கள். டிகாக்‌ஷனும் பாலும் ஒரு முனையில் கலந்து ஒரே கண்ணாடிக் குழாயில் வேகமாக ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகம் என்றால், கலந்த இடத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி நீங்கள் பார்ப்பது எப்போதுமே கலந்து 10 மில்லிவிநாடி ஆன திரவத்தை. இரண்டு சென்டிமீட்டரில் 20 மில்லிவிநாடி. திரவம் ஓடிக்கொண்டே இருக்கும், அந்த இடத்தில் நிறம் மட்டும் மாறாமல் நிற்கும். நிதானமாக ஸ்பெக்ட்ரோஸ்கோப்பை வைத்துப் பார்க்கலாம், நடுவில் டீ குடித்துவிட்டும் வரலாம். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் பளிச்சென்ற சிவப்பு, ஏறாதது கருஞ்சிவப்பு. விநாடியின் நூறில் சில பங்குக்குள் நடக்கும் விஷயத்தை அவர்கள் ஸ்கேல் வைத்து அளந்தார்கள். ப்ரோகிராமை வரிவரியாக நிறுத்திப் பார்க்கிற எனக்கு, ஓட்டத்தை நிறுத்தாமலே நிறுத்திப் பார்த்த இந்த வித்தை மேல் இன்னும் பொறாமை தீரவில்லை.

ஒரே தொல்லை, லிட்டர் கணக்கில் திரவம் வேண்டும். அதே கேம்பிரிட்ஜில் 1930களில் க்ளென் மில்லிகன் அதைச் சின்னதாக்கினார். கண்ணுக்குப் பதிலாக ஒளிமின்கலத்தை வைத்தார். (இந்த வரிசையில் இன்னொருவர் பிரிட்டன் சான்ஸ். 1940இல் ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தி அளக்கும் முறையைக் கொண்டுவந்தவர், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பாய்மரப் படகில் தங்கமும் வாங்கினார். சிலருக்கு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரமோ!)

அடுத்து போர். உயரத்தில் பறக்கும் விமானிகள் ஆக்சிஜன் குறைவது தெரியாமலே மயங்கினார்கள். ரத்தத்தின் நிறத்தை ஒளியால் படிக்கத் தெரிந்த மில்லிகன், அமெரிக்காவில், விமானியின் காதுமடலில் மாட்டும் கருவி ஒன்றைச் செய்தார். ஆக்சிமீட்டர் என்ற பெயர் அவர் வைத்தது. அவர் மனைவி கிளேர், 1924இல் எவரெஸ்டில் இறந்துபோன ஜார்ஜ் மலோரியின் மகள். மில்லிகனும் 1947இல் மலையேறும்போது நடந்த விபத்தில்தான் இறந்தார்.

காதுக் கருவிக்கு ஒரு பெரிய பலவீனம் இருந்தது. ஒளி காதுக்குள் போனால் தமனி ரத்தம், சிரை ரத்தம், தோல், சதை எல்லாவற்றையும் கடந்துதான் வரும். நமக்கு வேண்டியது தமனி ரத்தம் மட்டும்.

இதைத் தீர்த்தவர் தகுவோ அயோயாகி. டோக்கியோவில் நிஹோன் கோடன் நிறுவனத்தின் இன்ஜினியர். தீர்க்க வேண்டும் என்று அவர் உட்காரவும் இல்லை. 1970களின் தொடக்கத்தில் அவர் அளக்க நினைத்தது இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியேற்றுகிறது என்பதை. ரத்தத்தில் சாயத்தைச் செலுத்தி, அது எப்படிக் கரைந்து போகிறது என்று காது வழியாகப் பார்க்க வேண்டும். நாடித்துடிப்பு குறுக்கே வந்து வரைகோட்டை நெளித்துக் கெடுத்தது. இரண்டு நிற ஒளியை வைத்து அந்த நெளிவை ஒன்றுக்கொன்று கழித்துப் பார்த்தார். சரியாக வந்தது. ஆனால் ஆக்சிஜன் அளவு மாறியதும் கழித்தல் பிசகியது. அந்தப் பிசகையே அவர் பிடித்துக்கொண்டார். துடிப்பது தமனி ரத்தம் மட்டும்தானே! துடிக்கும் பங்கை மட்டும் சிவப்பிலும் அகச்சிவப்பிலும் எடுத்து ஒப்பிட்டால், துடிக்காத தோலும் சதையும் சிரையும் கணக்கிலிருந்து விழுந்துவிடும். 1974இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அயோயாகி 2020 ஏப்ரலில், கோவிட் காலத்தில், 84 வயதில் காலமானார்.

தோல் கணக்கிலிருந்து விழுந்துவிடும் என்றேன் அல்லவா? தியரிப்படி ஆமாம். நடைமுறையில் அந்த ஒப்பீட்டிலிருந்து சதவீதத்துக்குப் போக ஒரு லுக்அப் டேபிள் வேண்டும். அதை எந்தச் சூத்திரமும் முழுசாகத் தராது. ஆரோக்கியமான சிலருக்கு ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்து, தமனியிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்து, கருவி காட்டியதோடு பொருத்தி எழுதுகிறார்கள். அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2013இல் தந்த வழிகாட்டுதல், சோதனைக்குக் குறைந்தது 10 பேர் போதும் என்றது. அதில் கருமையான தோல் கொண்டவர்கள் 2 பேர், அல்லது 15 சதவீதம், எது அதிகமோ அது.

கருவி கறுப்பின நோயாளிகளிடம் பிசகுகிறது என்று 1990இலேயே ஓர் ஆய்வு சொல்லியிருந்தது. 2020 டிசம்பரில் மிச்சிகன் மருத்துவர்கள் வெளியிட்டதுதான் பலர் காதில் விழுந்தது. கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, உண்மையில் 88க்குக் கீழே இருந்தவை வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம். அதில் பிரித்தது நோயாளிகள் சொன்ன இனத்தை வைத்து, தோலின் நிறத்தை யாரும் அளக்கவில்லை. என் அப்பா நல்ல கருப்பு. அந்தப் பட்டியலில் அவருக்கு ஒரு கட்டமே இல்லை.

இதைப் படித்த இரவு பழைய ஸ்ப்ரெட்ஷீட்டைத் திறந்தேன். 95, 94, 95, 94. எத்தனை இரவு அந்த ஒற்றைப் புள்ளியை நம்பித் தூங்கியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். பதினோரு இரவு.

கருவி இன்னும் டிவி மேஜை இழுப்பறையில் இருக்கிறது. போன மாதம் பேட்டரி மாற்றி அவர் விரலில் மாட்டினேன். கூட வந்த தாளில் பிழை இரண்டு சதவீதத்துக்குள் என்று போட்டிருக்கிறது. யாருடைய விரல்களில் என்று போடவில்லை.

"என்னடா காட்டுது?"

"97ப்பா."

"அப்பவும் இப்படித்தான சொன்ன?" என்றார்.