நிரல் சொல்லும் வரலாறு

மல்லாங்கிணற்றைச் சேர்ந்த பெண்ணொருத்தி அண்மையில் ஒரு தாளுடன் நம்மிடம் வந்தாள். பியானோ பட்டயத் தேர்வில் தான் வாசிக்க எண்ணிய இசைப் படைப்புகளின் பட்டியல் அது. லிஸ்ட், சோப்பின், ரக்மானினாவ் என அனைத்தும் விரைவும் முழக்கமும் மிக்கவை. அவள் தந்தை பட்டாசு ஆலைத் தொழிலாளி. தேர்வுக் கட்டணமோ அவர்தம் பல மாதச் சேமிப்பு. "மெதுவானவற்றை வாசித்தால் எனக்குத் திறமையில்லை என்று எண்ணிவிட மாட்டார்களா, சாமி?" என்றாள்.

அவ்வச்சத்தை நாம் உணர்ந்தோம். ஆயினும் நாம் முதலில் தந்த அறிவுரையும் பிழையானதே. ஆலய இசையின்பால் நமக்குள்ள பற்றால், "பாக் ஒருவரே போதும்" என்றோம். அவள் பட்டியலில் இருந்த ஒருமுகத்தன்மை நம் பட்டியலிலும் இருந்ததைப் பிறகே உணர்ந்தோம். விடையை வரலாற்றில் தேடினோம்.

ஒருவரே தனித்தமர்ந்து ஒரு மாலை முழுதும் பியானோ வாசிப்பது பழைய வழக்கமன்று. முன்னாளில் பாடகர், வயலின் கலைஞர், இசைக்குழு ஆகியோருக்கிடையே பியானோவும் ஒரு பங்கு பெற்றது. 1839-இல் உரோமையில் தனியொருவராக வாசித்துக் காட்டிய லிஸ்ட், 1840-இல் இலண்டனில் அத்தகைய நிகழ்ச்சிக்கு 'ரிசைட்டல்' என்னும் பெயரை வழங்கினார். துணைக்கு யாருமில்லாதபோது, கேட்பவரைச் சோர்வின்றி அழைத்துச் செல்லும் பொறுப்பு நிகழ்ச்சி நிரலின்மேல் விழுந்தது. கிளாரா ஷூமன் (1819–1896) பாக், பேத்தோவன் ஆகியோரின் ஆழ்ந்த படைப்புகளையும் தம் காலத்தவரின் சிறு படைப்புகளையும் ஒரே மாலையில் இணைத்து அந்நிரலுக்கு உருவம் தந்தார். 1885–86-இல் அன்டன் ரூபின்ஸ்டைன், பியானோ இசையின் வரலாற்றையே ஏழு நிகழ்ச்சிகளில் வரிசையாக வாசித்துக் காட்டினார்.

நம் மண்ணிலும் இதற்கு இணையுண்டு. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் (1890–1967) வகுத்த கச்சேரி முறையை எண்ணிப் பார்க்கலாம். வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகள் வழியாக ஆழ்ந்த இராக விரிவுக்குச் சென்று, எளிய துக்கடாக்களில் இளைப்பாறி, மங்களத்தில் நிறைவுறும் ஒழுங்கு அது.

இலண்டனின் இசைத் தேர்வுகளும் இம்மரபின் வழியே வந்தவை. 1872-இல் தோன்றிய டிரினிட்டி கல்லூரி, திருக்கோயில் பாடல் பயிற்சிக்கான சங்கமாகவே தொடங்கியது என்பது நம் வாசகர்க்கு மகிழ்ச்சி தரும். சென்னையில் 1842-இல் நிறுவப்பட்ட மியூசி மியூசிக்கல், அக்கல்லூரியின் தேர்வுகளுக்கு நெடுங்கால வாயிலாக விளங்கியது. 1889-இல் எழுந்த அசோசியேட்டட் போர்டு, 2016-இல் ஏ.ஆர்.எஸ்.எம். என்னும் பட்டயத்தை அறிமுகப்படுத்தியது. அதன் நிரல் 30 நிமிடங்கள். குறைந்தது 20 நிமிடங்கள் வாரியம் தரும் பட்டியலிலிருந்து அமையவேண்டும். எஞ்சியதை மாணவரே தேர்ந்துகொள்ளலாம். அந்தத் தேர்விலும் மாணவரின் இசையறிவு வெளிப்படுகிறது.

மீண்டும் அப்பெண்ணை அழைத்தோம். நம் பிழையை முதலில் ஒப்புக்கொண்டோம். பின்னர், "திருவிழா வாணவேடிக்கையில் சரவெடி மட்டுமே வெடித்தால் என்னாகும்?" என்று கேட்டோம். பட்டாசோடு வளர்ந்தவள் அல்லவா? "காது அடைத்துப் போகும். புஸ்வாணமும் இடையில் வரவேண்டும், சாமி" என்றாள். சொன்னதும் அவளே சிரித்துவிட்டாள்.

புதிய நிரல் அன்றே உருவாயிற்று. பாக் ஐந்து நிமிடம், பேத்தோவன் சொனாட்டா பதினைந்து, தெபுசி ஐந்து, இறுதியில் அவள் நெஞ்சுக்கு நெருக்கமான சோப்பின் ஐந்து. தெளிவு, கட்டமைப்பு, வண்ணம், உணர்வு என ஒவ்வொன்றுக்கும் அதில் இடமிருந்தது.

தேர்வு இனிமேல்தான். முடிவு எதுவாயினும், மெதுவான பகுதிகளுக்கு அவள் இப்போது அஞ்சுவதில்லை. தன் திறமையை மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயத்தில் வளரும் எளியோர் வீட்டுப் பிள்ளைகள், உரக்க ஒலித்தால்தான் உலகம் கேட்கும் என நம்பிவிடுகின்றனர். திருவழிபாட்டில் பாடலுக்கு இடமிருப்பதுபோல் மௌனத்திற்கும் இடமுண்டு. அதை அவர்களுக்குச் சொல்ல வேண்டிய நாமே சிலவேளை மறந்துவிடுகிறோம்.