மட்டியின் பருவமும் கடலின் பருவமும்: 1981ஆம் ஆண்டு நச்சுணவுப் பதிவு குறித்து ஒரு மறுவாசிப்பு

இந்தியக் கடல்களில் 1908 முதல் 2009 வரை பதிவான 101 பாசிப் பெருக்கங்களைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள், அவற்றுள் பெரும்பாலானவை மேற்குக் கரையில், தென்மேற்குப் பருவமழை பின்வாங்கும் நாட்களிலும் மழைக்கு முந்தைய மாதங்களிலும் நேர்ந்தவை என்கிறார்கள். கணக்கில் குறையில்லை. அந்தக் கணக்கையே மட்டி, சிப்பி உண்போருக்கான ஆபத்துக் காலமாகக் கொள்வதில்தான் பிழை இருக்கிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரைக்கு இந்த நாட்காட்டி பொருந்தவில்லை என்பது என் வாதம். இதை நிறுவப் புதிய சான்று தேவையில்லை. எல்லோரும் எடுத்தாளும் 1981ஆம் ஆண்டுப் பதிவை நிதானமாகப் படித்தாலே போதும்.

மதிப்பாய்வுகளில் அப்பதிவு ஏறக்குறைய ஒரே வடிவில் திரும்பத் திரும்ப வருகிறது. 1981இல் தமிழ்நாடு, கர்நாடகம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களில் முடக்குவாத நச்சுணவால் 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 3 பேர் இறந்தனர். காரணம் மெரெட்ரிக்ஸ் காஸ்டா என்னும் 'மசல்'. பதிவு அவ்வளவுதான். மூன்று மாநிலங்களும் ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன. எந்த மாதம், எந்த நீர்நிலை என்ற குறிப்பு அந்த வரியில் இல்லை. மாதமே இல்லாத ஒரு வரியைப் பருவத்துக்குச் சான்றாக நிறுத்துவது எப்படி?

அதைவிட முக்கியம், உயிரியின் பெயர். மெரெட்ரிக்ஸ் காஸ்டா மசல் அன்று. மசல் என்பது குமரி மாவட்டத்தார் சிப்பி என்றே சொல்லும், கடற்பாறையில் நார்விட்டு ஒட்டி வளரும் உயிரி. மெரெட்ரிக்ஸ் காஸ்டாவோ நாம் மட்டி என்பது. கழிமுகங்களிலும் காயல்களிலும் மணலும் சேறும் கலந்த தரையில் புதைந்து வாழ்வது. உப்பு ஏறினாலும் இறங்கினாலும் தாங்கும். இந்தச் சொற்பிழையைச் சிறிய பிழையென்று ஒதுக்க என்னால் இயலவில்லை. மசல் என்று படித்தவர் திறந்த கடலை நினைக்கிறார். கடலை நினைத்ததும் மேற்குக் கரையின் நீர்மேலெழுச்சியும் பருவமழையும் தாமாக வந்து சேர்கின்றன. மட்டி என்று படித்திருந்தால் முகத்துவாரத்தை நினைத்திருப்பார்.

ஒப்பீட்டுக்குக் கேரளத்தின் விழிஞ்ஞம் இருக்கிறது. 1997 செப்டம்பரில் அங்கே இதே நச்சுணவால் 7 பேர் இறந்தனர். சுமார் 500 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். உண்டது பெர்னா இண்டிகா, அதாவது பாறைச் சிப்பி. காலம், தென்மேற்குப் பருவத்தின் கடைசி. இங்கே கடலின் பருவமும் நஞ்சின் பருவமும் கைகோத்துப் போகின்றன. குளச்சல் பக்கத்துக் கரைக்கும் இந்த நாட்காட்டி பொருந்தும் என்பதை ஏற்கிறேன். ஆனால் விழிஞ்ஞத்தின் விளக்கத்தை அப்படியே எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் கொண்டுவர முடியாது.

கிழக்குக் கரைக் கழிமுகத்தின் ஆண்டுச் சுழற்சி வேறு. வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் மணல் திட்டை உடைத்து வாயைத் திறக்கிறது. மழை ஓய்ந்து ஆற்றின் வேகம் தணிந்ததும், கரையோரமாக நகரும் மணல் வாயைச் சிறுகச் சிறுக அடைக்கிறது. கோடையில் உள்நீர் தேங்கிச் சூடேறி, உப்பும் கழிவுநீர்ச் சத்தும் செறிகிறது. இந்த நச்சுணவுக்குக் காரணமான சாக்சிடாக்சின் நஞ்சைச் சுரக்கும் அலெக்ஸாண்டிரியம் போன்ற நுண்பாசிகள் உறைகூடுகளாகச் சேற்றில் உறங்கி, காலம் வாய்க்கும்போது முளைப்பவை. மட்டி வாழ்வதும் அதே சேற்றில். ஆகவே இங்கே தேட வேண்டிய நாள் வாய் அடைபட்ட நாளும் அது மறுபடி உடைந்த நாளும் என்று கருதுகிறேன். கருதுகிறேன் என்றுதான் சொல்ல முடியும். ஆனால் 1981ஆம் ஆண்டுப் பதிவில் உள்ள ஒரே உறுதியான தடயமான அந்த உயிரியின் பெயர் இந்தத் திசையைத்தான் காட்டுகிறது.

கடலில் பெருகிய பாசியே ஓதத்தோடு உள்ளே வந்திருக்கலாமே என்பர். வரலாம். அப்போதும் வாய் திறந்திருந்ததா என்பதே முதல் கேள்வியாக நிற்கிறது. கழிவுநீர்க் கிருமிகளே காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் நீண்ட மறுப்புக்கு உரியதன்று: கிருமி வயிற்றைக் கலக்கும், சாக்சிடாக்சின் உண்ட சிறிது நேரத்தில் உதட்டை மரக்கச் செய்து, பிறகு மூச்சை நிறுத்தும்.

கண்ணுக்குத் தெரியும் பெருக்கத்தை நம்புவதில் இன்னொரு கேடு இருக்கிறது. 2019 ஆகஸ்ட் 18 இரவு சென்னைக் கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தன. அடுத்த மாதம் மண்டபம் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் நாக்டிலூகாதான் அது. 2008 அக்டோபரில் மன்னார் வளைகுடாப் பவளங்களை வெளுக்கச் செய்ததும் அதுவே. அம்மோனியாவாலும் ஆக்சிஜன் குறைவாலும் அது கொல்கிறது; சாக்சிடாக்சின் சுரப்பதில்லை. அலெக்ஸாண்டிரியமோ லிட்டருக்குச் சில ஆயிரம் செல்கள் இருக்கும்போதே, நீரின் நிறம் சற்றும் மாறாமல், மட்டியை நஞ்சாக்க வல்லது. அலாஸ்காவின் வெண்ணெய் மட்டி ஈராண்டு வரை நஞ்சைத் தேக்கி வைப்பது தெரிந்ததே. நம் மட்டியும் அப்படியென்று சொல்ல நான் துணியவில்லை. ஆனால் பூத்த மாதத்தை மட்டும் எண்ணி மற்ற மாதங்களுக்கு விலக்குத் தருவது பொறுப்பாகாது.

கடல் வாடையே எட்டாத காட்டுப்பாக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை மீன்கடை ஒன்றில், அலுமினியத் தட்டில் குவிந்த மட்டியைப் பார்த்தபடி இதை எண்ணிக்கொண்டிருந்தேன். ஓடுகள் இறுக மூடியிருந்தன. விளிம்பில் கருஞ்சேறு, தண்ணீர் தெளித்தால் மெல்ல வழிந்தது. "வாய் தொறக்காததைத் தூக்கிப் போட்டுடுங்க சார், மத்ததெல்லாம் நல்லதுதான்" என்றார் விற்ற அம்மா. செத்த மட்டியை ஒதுக்க அது நல்ல சோதனை. சாக்சிடாக்சினுக்கு உதவாது, கொதிக்கும் குழம்பும் அதை அழிக்காது. 100 கிராம் சதைக்கு 80 மைக்ரோகிராம் என்ற வரம்பு சட்டத்தில் இருக்கிறது. அந்தத் தட்டுக்கு அதைப் பொருத்திப் பார்ப்பவர் யாரையும் நான் கண்டதில்லை.

எங்கே எடுத்தது என்று கேட்டேன். ஆற்றின் பெயரைச் சொன்னார். முகத்துவாரம் இரண்டு வாரமாக அடைத்துக் கிடப்பதையும், அதனால் ஆட்கள் உள்பக்கமாகப் போய் எடுத்து வருவதையும் கேட்காமலே சேர்த்துச் சொன்னார். நாற்பதாண்டு மதிப்பாய்வுகள் சொல்லாமல் விட்ட நீர்நிலையின் பெயரும் முகத்துவாரத்தின் நிலையும் அந்தப் பதிலில் இருந்தன. மாதிரி சேகரிப்பவரின் படிவத்தில் தேதிக்கு அடுத்த கட்டமாக இதற்கு இடம் வேண்டும்: வாய் திறந்திருந்ததா, அடைத்திருந்ததா, எத்தனை நாளாக.